கால்மாட்டில் தொங்கிய சொல்

என் பெயர் சிவகாமசுந்தரி. ஆஸ்பத்திரியில் யாருக்கும் அதை முழுசாகச் சொல்ல வாய் வரவில்லை. வெள்ளைக்கார மேட்ரன் முதல் நாளே அதை நறுக்கி, ‘சிவா’ என்ற துண்டை மட்டும் வைத்துக்கொண்டு மீதியைக் கீழே போட்டுவிட்டாள். போகட்டும் என்று விட்டேன். ஆனாலும் பிற்பாடு நான் அவர்களுடைய நீள நீளமான சொற்களை நறுக்க உட்கார்ந்தபோது அந்தக் கோபமும் கொஞ்சம் உள்ளே இருந்தது. மறைப்பானேன்?

பெண்கள் வார்டில் எனக்கு ஆயா வேலை. இருபத்து நாலு கட்டில். பெட்பேன் வைப்பது, எடுப்பது, தரை துடைப்பது, விரிப்பு மாற்றுவது, ஆபரேஷன் அறையிலிருந்து வரும் எனாமல் கிண்ணங்களைக் கழுவுவது. ஒவ்வொரு கட்டிலின் கால்மாட்டிலும் ஒரு போர்டு தொங்கும். டாக்டர் அதில் இங்கிலீஷில் நோயின் பெயரையும் வைத்தியத்தின் பெயரையும் எழுதியிருப்பார். வார்டுக்குப் பொறுப்பான நர்ஸ் சிஸ்டர் லாசரு எங்களுக்குப் போட்ட சட்டம் இது: போர்டைத் துடைக்கலாம், படிக்கக் கூடாது. எப்போதோ ஓர் ஆயா அரைகுறையாகப் படித்து நோயாளியிடம் எதையோ உளறி, அந்தப் பெண் மயங்கி விழுந்துவிட்டாளாம். சிஸ்டர் உஜோங் பாசிர் குடியிருப்பைச் சேர்ந்தவர், பழைய போர்த்துகீசிய வம்சத்துக்காரி. அவர் நடந்து வந்தால் கட்டில்கள் தாமாகவே நேராகிவிடும் என்று நாங்கள் சொல்லிச் சிரிப்போம், அவர் இல்லாதபோது.

என்னைப் படிக்க வைத்தது ருக்மணியம்மா என்ற நோயாளி. மூன்றாம் கட்டில், வயிற்றுவலி. பன்னிரண்டு நாள் கிடந்தார். நான் விரிப்பு மாற்றும்போதெல்லாம் ஒரே கேள்விதான்.

“இந்தாம்மா, எனக்கு என்னா நோவுன்னு யாரும் சொல்ல மாட்டேங்கிறாங்களே. நீயாவது சொல்லேன்.”

டாக்டர் இங்கிலீஷில் மிஸ்ஸியிடம், அதாவது நர்ஸிடம், சொல்வார். மிஸ்ஸி மலாயில் “மருந்து சாப்பிடு” என்பாள். அவ்வளவுதான் அந்த அம்மாளுக்குக் கிடைத்தது. எனக்குத் தமிழ் தெரியும், மலாய் தெரியும். நாலு விரற்கடை நீளமுள்ள அந்தச் சொல் மட்டும் தெரியாது. பதின்மூன்றாம் நாள் காலையில் ருக்மணியம்மா போய்விட்டார். பதில் அவர் காலுக்கு ஒரு முழத் தூரத்தில் தொங்கிக்கொண்டே இருந்தது. அன்றைக்கு வந்த ஆத்திரம் யார் மேல் என்று கேட்டால், என் மேல்தான்.

நான் மூன்றாம் வகுப்புவரை மிஷன் பள்ளியில் இங்கிலீஷ் படித்தவள். அப்புறம் ஜப்பான்காரன் வந்தான், பள்ளிக்கூடம் போயிற்று. கேட், டாக், மதர் எல்லாம் வரும். சொல் கொஞ்சம் நீண்டால், ரயில் போவதைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

நாட்டுக்கு மெர்டேக்கா, அதான் சுதந்திரம், கிடைத்த அடுத்த மாதம் ஓர் அறிவிப்பு வந்தது. வெள்ளைக்கார மிஸ்ஸிகள் ஒவ்வொருவராகக் கப்பலேறிக் கொண்டிருந்தார்கள். அதனால் ஆயாக்களில் இரண்டு பேரைத் தேர்ந்தெடுத்து உதவி நர்ஸ் பயிற்சிக்கு அனுப்பப் போகிறார்களாம். சனவரியில் ஒரு சனிக்கிழமை தேர்வு. புது மேட்ரன் ஒரு பக்கத்தைக் கொடுப்பார், சத்தமாக வாசித்து, மலாயில் விளக்க வேண்டும். ஒன்பது ஆயாக்கள் பெயர் கொடுத்தோம். இருபத்தைந்து வயது முடிந்தால் அனுப்ப மாட்டார்கள். எனக்கு இருபத்தைந்து நடந்துகொண்டிருந்தது.

காஜா பெராங்கில் வரிசையாக நிற்கும் பலகை வீடுகளில் எங்களுடையது நாலாவது. பின்பக்கம் செட்டிகள் கம்பம், பல தலைமுறைக்கு முன் வந்து குடியேறியவர்களின் கிராமம். அவர்களுக்குப் பெயர் நம் பெயர், பேச்சு மலாய். அவர்களோடு வாயாடித்தான் என் மலாய் வளர்ந்தது. என் வீட்டுக்காரர் தம்பிராஜா, புக்கிட் காதில் பக்கம் ஒரு தமிழ்ப் பள்ளியில் வாத்தியார். வாத்தியார் என்றால் எல்லா மொழியும் தெரிந்திருக்கும் என்று வரிசையில் எல்லோருக்கும் ஒரு நம்பிக்கை. அவருக்கு இங்கிலீஷில் கையெழுத்துக்கூடப் போடத் தெரியாது என்பது எங்கள் வீட்டு ரகசியம்.

அந்த மனிதரிடம்தான் நான் போனேன். வேறு யாரிடம் போவேன்? பஞ்சு சுற்றி வரும் நீலத்தாளில், வயிற்றுவலியில் கிடந்த ஒரு பெண்ணின் போர்டைத் துடைக்கிற சாக்கில் எழுத்து எழுத்தாகப் பார்த்து எழுதி வந்திருந்த சொல்லை நீட்டினேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பிட்ட கை இன்னும் காயவில்லை.

“இதை எப்படிங்க வாயில வைக்கிறது?”

அவர் தாளைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார். பிறகு, “நீ கேட்ட மாதிரி சொல்லு, நான் தமிழ்ல எழுதிக்கிறேன்” என்றார். மிஸ்ஸிகள் சொல்லக் கேட்டதை நான் இழுத்து இழுத்துச் சொன்னேன். ‘அப்பென்டிசைட்டிஸ்’ என்று சிலேட்டில் எழுதினார். எழுதியதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது.

“நீளமா இருந்தா என்னா லா? பிரிக்க வேண்டியதுதானே. வெண்பாவையே பிரிச்சுப் போடறோம், இது எம்மாத்திரம்? அப், பென், டிசைட், டிஸ். நேர், நேர், நிரை, நேர். அட, தேமாநறும்பூ!”

“என்னது?”

“தேமாநறும்பூ. வாய்பாடு.”

“வயித்தைப் பிடிச்சுக்கிட்டுப் புள்ள துடிக்குது. உங்களுக்கு நறும்பூவா?”

அவர் கேட்கிற நிலையில் இல்லை. விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி, தாளம் போட்டு, என்னைப் பத்துத் தடவை சொல்ல வைத்தார். பதினோராவது தடவை சொல் என் வாயில் உருண்டு விழுந்தது. நான் சிரித்துவிட்டேன். சந்தோஷத்தில் கண்ணில் தண்ணீர்கூட வந்தது.

அப்புறம் தினம் ஒரு நீலத்தாள். தரை துடைக்கும்போது வாய் முணுமுணுக்கும். மற்ற ஆயாக்கள் நான் ஏதோ விரதம் இருக்கிறேன் என்று நினைத்தார்கள். இரண்டு மாதத்தில் எந்த நீளச் சொல்லையும் துண்டு துண்டாகச் சொல்ல வந்துவிட்டது. அர்த்தம்தான் ஒன்றும் தெரியவில்லை. கிளிப்பிள்ளைக்குத் தெரிகிற அளவுதான் எனக்கும் தெரிந்தது.

அர்த்தம் ஏழாம் கட்டிலில் கிடைத்தது. அந்தப் பெண்ணின் போர்டில் திங்கட்கிழமை அப்பென்டிசைட்டிஸ் என்று இருந்தது. செவ்வாய்க்கிழமை ஆபரேஷன். புதன்கிழமை துடைக்கப் போனால், அதற்குக் கீழே அப்பென்டிசெக்டமி என்று புதிதாக எழுதியிருந்தது. தலை அதேதான், வால் மட்டும் மாறிவிட்டது. நடுவில் என்ன நடந்தது? வெட்டி எடுத்தார்கள். எடுத்ததைக் கிண்ணத்திலிருந்து கொட்டிக் கழுவியவளே நான்தானே! வாளியை வைத்துவிட்டு அப்படியே நின்றேன். அன்று முழுக்க இருபத்து நாலு போர்டுகளையும் துடை துடை என்று துடைத்தேன். வீங்கிச் சூடேறுகிற இடத்திலெல்லாம் ‘ஐட்டிஸ்’. கிண்ணத்தில் ஏதாவது வந்த இடத்திலெல்லாம் ‘எக்டமி’.

வீட்டுக்கு வந்து சொன்னேன். கூடவே ஒரு சண்டையும் வந்தது. கர்ப்பப்பையை எடுக்கிற ஆபரேஷனுக்கு ஹிஸ்டெரெக்டமி என்று பெயர். அவர் முன்பே அதை ஹிஸ், டெரெக், டமி என்று வெட்டிக் கூவிளங்கனி ஆக்கி வைத்திருந்தார்.

“உங்க வெட்டு தப்புங்க. ‘எக்’குக்கு முன்னாடி வெட்டணும்.”

“எப்படி வெட்டுவே? மெய் மேல உயிர் ஏறி உக்காந்திருக்கு. அங்க வெட்டினா ஓசை போயிடும்.”

“ஓசை போனா போகட்டும். அர்த்தம் வருதில்ல!”

“பதினஞ்சு வருஷமா இலக்கணம் சொல்லிக் குடுக்கிறவனுக்கு நீ சொல்றியா?”

“நோவு எங்க இருக்குன்னு நான் பாக்கிறேன். நீங்க சிலேட்டைப் பாக்கிறீங்க.”

இரண்டு நாள் பேச்சுவார்த்தை இல்லை. மூன்றாம் நாள் சைக்கிளை நிறுத்தியதும் நிறுத்தாததுமாக உள்ளே வந்தவர், “சிவகாமி, அது பகுபதம்! முன்னால பகுதி, பின்னால விகுதி. நான் சீர் பிரிச்சேன், நீ பதம் பிரிச்சே. ரெண்டும் சரிதான்” என்றார். தான் சொன்னதும் சரி என்பதை அவர் விடவேயில்லை. அதுமுதல் வாயால் சொல்ல அவர் வெட்டு, புரிந்துகொள்ள என் வெட்டு என்று ஒப்பந்தமாயிற்று.

தேர்வுக்கு முதல் நாள், வெள்ளிக்கிழமை. பன்னிரண்டாம் கட்டிலில் பூங்காவனம் என்ற பெண், இருபத்து மூன்று வயது, ரப்பர் தோட்டத்துப் பிள்ளை. கல்யாணமாகி மூன்று வருஷம், குழந்தை இல்லை. இரத்தப்போக்கு நிற்காமல் தூக்கிக்கொண்டு வந்தார்கள். இரண்டு பாட்டில் இரத்தம் ஏற்றித்தான் முகத்தில் களை வந்தது. திங்கட்கிழமை ஆபரேஷன். பதினோராம் கட்டிலில் பீவியம்மா, பட்டணத்தில் துணிக்கடை வைத்திருக்கும் குடும்பம். ஐந்து பிள்ளைகளுக்குப் பிறகு கர்ப்பப்பையை எடுத்துவிட்டுத் தேறிக்கொண்டிருந்தார். நல்ல மனசுக்காரர். அந்த நல்ல மனசோடுதான் பூங்காவனத்திடம் சொல்லியிருக்கிறார்: “பயப்படாதே புள்ள. எனக்கும் இதே போக்கு, இதே டாக்டர்தான். பையை எடுத்துட்டா நிம்மதி.”

மத்தியானம் பார்வையாளர் நேரம் முடிந்து நான் விரிப்போடு போனால், பூங்காவனம் துணிமணியைத் துண்டில் மூட்டையாகக் கட்டிக்கொண்டு கட்டிலைவிட்டு இறங்கி நிற்கிறாள். சுவரைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

“எங்க கிளம்பிட்டே?”

“வீட்டுக்கு. அவரு கீழ நிக்கிறாரு.”

“பைத்தியமா? மறுபடி போக்கு வந்தா தோட்டத்துல யாரு பாப்பா? செத்துப் போயிடுவே.”

“பையை எடுத்துட்டா நான் உயிரோட இருந்து என்னாக்கா பண்ணப் போறேன்? மாமியாக்காரி நாளைக்கே அவருக்கு வேற பொண்ணு பாத்துடும்.”

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அந்த மாமியார் எதிரில் இருந்திருந்தால் வாளித் தண்ணீரை ஊற்றியிருப்பேன். ஆனால் கோபத்தை வைத்துக்கொண்டு அவளைப் படுக்க வைக்க முடியாதே. கால்மாட்டைப் பார்த்தேன். போர்டைக் கழற்றிக் கையில் எடுத்தேன். பீவியம்மாவின் போர்டையும் கழற்றினேன். துடைக்க அல்ல, படிக்க. நான் ஆயாவான ஐந்து வருஷத்தில் முதல் தடவையாக எல்லோரும் பார்க்கப் படித்தேன்.

பீவியம்மாவுடையது ஹிஸ்டெரெக்டமி. பூங்காவனத்துடையது மயோமெக்டமி. வால் இரண்டுக்கும் ஒன்று. இவளுக்கும் எதையோ எடுக்கத்தான் போகிறார்கள். ஆனால் தலை வேறு. பீவியம்மாவுக்கு எடுத்ததை இவளுக்கு எடுக்கவில்லை. அப்படியானால் எதை? அந்தத் தலையை நான் அதுவரை எந்தப் போர்டிலும் பார்த்ததில்லை. தெரிந்த பாதியை வைத்துக்கொண்டு, “உன் பையை எடுக்க மாட்டாங்க” என்று சொல்லிவிடலாம். அப்படித்தானே அந்த ஆயாவும் உளறியிருப்பாள்?

“சிவா.”

சிஸ்டர் லாசரு வார்டு வாசலில் நின்றார். என் இரண்டு கையிலும் இரண்டு போர்டு. விடிந்தால் தேர்வு. துடைத்துக்கொண்டிருந்தேன் என்று சொன்னால் தப்பித்துவிடலாம். துணிகூடத் தோளில்தான் கிடந்தது. பூங்காவனம் மூட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தாள். நான் சிஸ்டரிடம் மலாயில் கேட்டுவிட்டேன்.

“சிஸ்டர், இந்தச் சொல்லின் வால் எனக்குத் தெரியும். வெட்டி எடுப்பது. தலை தெரியவில்லை. ‘மயோம்’ என்றால் என்ன?”

அவர் முகம் கல்லாகிவிட்டது. கிட்டே வந்து போர்டுகளை என் கையிலிருந்து வாங்கினார்.

“எத்தனை நாளாகப் படிக்கிறாய்?”

“நாலு மாதமாக.”

“யார் சொல்லிக் கொடுத்தது?”

“என் கணவர். அவருக்கு இங்கிலீஷ் தெரியாது.”

வீட்டு ரகசியம் அப்படியே போயிற்று. திட்டு வரும் என்று தலையைக் குனிந்தேன். வரவில்லை. சிஸ்டர் போர்டைத் திருப்பி, “படி” என்றார். துண்டு துண்டாகப் படித்தேன். தலைக்கும் வாலுக்கும் நடுவே எங்கே வெட்டுவாய் என்று கேட்டார். விரலை வைத்துக் காட்டினேன். அவர் மெதுவாகத் தலையை ஆட்டினார்.

“அந்தத் தலை, கட்டி. கர்ப்பப்பையில் வளர்ந்திருக்கிற சதைக்கட்டி. டாக்டர் கட்டியை மட்டும் எடுத்துவிட்டுப் பையைத் தைத்து விடப் பார்க்கிறார். ஆனால் திறந்த பிறகு இரத்தம் நிற்காவிட்டால், உயிரைக் காப்பாற்றப் பையையும் எடுக்க வேண்டி வரலாம். இரண்டையும் சொல். ஒன்றையும் விடாதே.”

முதல் பாதியைத் தமிழில் சொன்னேன். பூங்காவனத்தின் முகம் மாறுவதைப் பார்த்தேன். அதோடு நிறுத்திக்கொள்ளலாம் போலிருந்தது. சிஸ்டருக்குத் தமிழ் தெரியாது. இரண்டாவது பாதியைச் சொன்னால் இவள் மூட்டையைத் தூக்கிக்கொண்டு நடந்துவிடுவாள். சொல்லாவிட்டால் படுத்துக்கொள்வாள், பிழைப்பாள். நாக்கு நுனியில் நின்ற பொய் ரொம்ப நல்ல பொய். ஆனால் ருக்மணியம்மாவுக்கும் இப்படித்தானே எல்லோரும் சேர்ந்து நல்லது செய்தோம்! மீதியையும் சொன்னேன். ஒரு சொல்கூட விடவில்லை.

பூங்காவனம் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

“அப்போ எடுத்தாலும் எடுப்பாங்க, எடுக்காமலும் விடுவாங்க.”

“ஆமா.”

“எடுத்துட்டு எடுக்கலேன்னு எங்கிட்ட பொய் சொல்லுவாங்களா?”

“போர்டுல எழுதுவாங்க. என்னா பண்ணாங்களோ அதான் எழுதுவாங்க.”

“நீ படிச்சுச் சொல்லுவியா, நான் முழிச்சதும்? வேற யாரும் வேணாம். நீதான் சொல்லணும்.”

“சொல்றேன்.”

அவள் மூட்டையை என்னிடம் கொடுத்தாள். நான் அதை அலமாரியில் வைத்துப் பூட்டினேன். பீவியம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, “நான் ஒண்ணு நினைச்சு ஒண்ணு சொல்லிட்டேனே” என்று அழுதார். அவரையும் தேற்ற வேண்டியிருந்தது. அதற்குள் பதினான்காம் கட்டிலிலிருந்து ஒரு குரல் வந்தது.

“யம்மா, எனக்கு என்னா எழுதியிருக்கு?”

அடுத்து எட்டாம் கட்டில். அடுத்து இருபது. தமிழ்ப் பெண்கள் எல்லோரும் எழுந்து உட்கார்ந்துவிட்டார்கள். அவர்கள் என்ன கேட்கிறார்கள் என்று சிஸ்டர் என்னிடம் கேட்டார். சொன்னேன். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு பதினான்காம் கட்டிலை நோக்கி நடந்தார். நான் பின்னால் போனேன். நான் படிக்க, அவர் மலாயில் அர்த்தம் சொல்ல, நான் தமிழில் சொல்ல, ஏழு கட்டில் ஆயிற்று. ஒரு கட்டிலில் மட்டும் சிஸ்டர் தன் உள்ளங்கையால் போர்டை மூடி, “இதை நாளைக் காலையில் டாக்டர் சொல்வார். நீ பக்கத்தில் நின்று தமிழில் சொல்” என்றார். அந்த அம்மாளிடம் அதை அப்படியே சொன்னேன்.

காலையில் டாக்டர் பக்கத்தில் நின்று அதைத் தமிழில் சொல்லி முடித்துவிட்டுத்தான் தேர்வுக்குப் போனேன். மேட்ரன் கொடுத்த பக்கத்தில் கழுத்தை நெரிக்கிற சொல் ஆறேழு இருந்தது. தொடையில் விரலை மடக்கி மடக்கி வாசித்தேன். “என்ன எண்ணுகிறாய்?” என்று மேட்ரன் கேட்டார். “துண்டுகளை” என்றேன். வெட்டிய துண்டுகளையும் வார்டில் பார்த்ததையும் வைத்து நான் மலாயில் விளக்கியபோது இரண்டு இடத்தில் திருத்தினார். சாயங்காலமே முடிவைச் சொல்லிவிட்டார்கள். இரண்டு பேரில் நான் ஒருத்தி. தம்பிராஜா வரிசை முழுக்க வீடு வீடாகப் போய், தானே நர்ஸானதுபோல் சொல்லிவிட்டு வந்தார். எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் திங்கட்கிழமை கழியாமல் அது நெஞ்சில் இறங்கவில்லை.

திங்கட்கிழமை காலை ஒன்பதுக்குப் பூங்காவனத்தைத் தள்ளிக்கொண்டு போனார்கள். பத்துக்கு வர வேண்டியவள் பதினொன்றாகியும் வரவில்லை. ஒரே தரையை மூன்று தடவை துடைத்தேன். பன்னிரண்டுக்குத் தள்ளுவண்டி வந்தது. முகம் வெளுத்து, உதடு காய்ந்து கிடந்தாள். மூச்சு சீராக இருந்தது. சிஸ்டர் லாசரு போர்டைக் கொண்டுவந்து கால்மாட்டில் மாட்டினார். கண்ணால் போர்டைக் காட்டிவிட்டுப் போய்விட்டார்.

டாக்டரின் கையெழுத்து கோழி கிளறியதுபோல் இருந்தது. வால்தான் முதலில் கண்ணில் பட்டது. எக்டமி. அது எப்படியும் இருக்கும், அதனால் ஒன்றும் தெரியாது. தலையைப் பார்க்கக் கொஞ்சம் தைரியம் வேண்டியிருந்தது. முதல் எழுத்தைப் பார்த்தேன். அடுத்ததைப் பார்த்தேன். முழுசையும் படித்தேன். நம்பாமல் இன்னொரு தடவை படித்தேன். அப்புறம் பக்கத்திலேயே நின்றேன். என்னை யாரும் வேறு வேலைக்குக் கூப்பிடவில்லை.

மூன்று மணிக்கு அவள் கண்ணைத் திறந்தாள். என்னைத் தேடிப் பிடிக்க அவளுக்குக் கொஞ்ச நேரமாயிற்று.

“அக்கா... படிச்சியா?”

“படிச்சேன்.”

“இருக்கா?”

“இருக்கு. கட்டியை மட்டும்தான் எடுத்திருக்காங்க. உன் பை உங்கிட்டதான் இருக்கு.”

அவள் அழவில்லை. நான்தான் அழுதேன். அவள் கையைக் கஷ்டப்பட்டுத் தூக்கிக் கால்மாட்டைக் காட்டினாள்.

“அதை எனக்குப் படிச்சுக் காட்டு.”

போர்டைக் கழற்றி அவள் முகத்துக்கு நேரே பிடித்து, ஒவ்வொரு துண்டாக விரல் வைத்துப் படித்தேன். காய்ந்த உதட்டால் பூங்காவனமும் என்கூடவே சொன்னாள்.